திருமங்கலம் கரிசலில் இரண்டு கப்பல் பெட்டி: வீடாகுமா?

14 நவம்பர் 2023 (ஒரு வாசகரின் கேள்வி)

மதுரைப் பக்கம் யாராவது கண்டெய்னர் வீடு கட்டியிருக்கிறீர்களா? செங்கல் வீட்டில் பாதிச் செலவு, மூன்றே மாதத்தில் பால் காய்ச்சிவிடலாம் என்று வீடியோவில் சொல்கிறார்கள். நாங்கள் ஐந்து பேர். மேலூர்ப் பக்கம் பத்து சென்ட் இருக்கிறது. நம்பலாமா?

15 நவம்பர் 2023

நம்பித்தான் நான் முன்பணமே கொடுத்திருக்கிறேன். நாற்பதடிப் பெட்டி இரண்டு, தூத்துக்குடியில். இடம் திருமங்கலத்துக்கு மேற்கே, அப்பா விட்டுப்போன முப்பது சென்ட் கரிசல். அம்மாவோடு சேர்த்து நாங்கள் நாலு பேர். தங்கை கைக்குழந்தையோடு வந்தால் ஆறு.

என் கணக்கு இது. ஒரு பெட்டி 40-க்கு 8, அதாவது 320 சதுர அடி. இரண்டையும் ஒட்டிப் போட்டு நடுச்சுவரை அறுத்துவிட்டால் 16 அடி அகலத்தில் ஹால். எங்கள் ஊர்க் கொத்தனார் செங்கல் வீட்டுக்குச் சதுர அடி 2,100 என்கிறார். 640 சதுர அடிக்கு 13,44,000. அதில் பாதி ஆறே முக்கால் லட்சம். பெட்டி இரண்டும் 3,70,000. மிச்சம் மூன்று லட்சத்தில் கதவு, ஜன்னல், கரண்ட், தண்ணீர். முடியாதா என்ன? தைக்குள் பெட்டியை இறக்கி, சித்திரையில் குடியேற்றம்.

3 டிசம்பர் 2023

தூத்துக்குடியில் பழைய பெட்டி விற்கும் யார்டுக்குப் போய் வந்தேன். போகிறவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

பெட்டியில் உயரம் இரண்டு வகை. சாதாரணப் பெட்டி எட்டரை அடி, ஹை கியூப் ஒன்பதரை அடி. வெளி அளவைப் பார்த்து ஏமாற வேண்டாம். சாதாரணப் பெட்டியின் உள்ளே 7 அடி 10 அங்குலம்தான் நிற்கும். அதில் தரை ஏறி, சீலிங் இறங்கி, ஃபேனும் தொங்கினால், துண்டை உதறும்போது விரல் போய்விடும். வீட்டுக்கு ஹை கியூப் மட்டும்தான்.

யார்டுக்காரர் ஒரு சோதனை சொல்லிக்கொடுத்தார். "அண்ணாச்சி, உள்ள போய் கதவச் சாத்திக்கிட்டு அஞ்சு நிமிசம் நில்லுங்க. கண்ணு பழகட்டும்." நின்றேன். முதல் பெட்டியில் கூரையில் நட்சத்திரம் மாதிரி மூன்று பொத்தல். வேறு பெட்டி காட்டச் சொன்னேன். இருட்டில் நிற்கும்போது மூக்கையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். என்ன சரக்கு ஏறியது என்பதைத் தரைப்பலகை சொல்லிவிடும். நான் வேண்டாம் என்ற இன்னொரு பெட்டியில் ஏதோ ரசாயன நெடி தொண்டையைப் பிடித்தது.

கதவில் ஒரு தகடு ரிவெட் அடித்திருக்கும். எந்த ஆண்டு, எந்த மாதம் செய்தது, எவ்வளவு எடை தாங்கும் எல்லாம் அதில் இருக்கும். தரைப்பலகைக்கு என்ன பூச்சிமருந்து ஏற்றினார்கள் என்பதும் அங்கேதான். அந்த வரியை மறக்காமல் படம் எடுத்துக்கொள்ளுங்கள், பிறகு சொல்கிறேன். என் பெட்டிகள் 2009-இல் பிறந்தவை.

காகிதம்: வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டி வரி கட்டாமல் உள்ளே வருகிறது, ஆறு மாதத்துக்குள் திரும்பிப் போய்விடும் என்ற நிபந்தனையில். இங்கேயே விற்பதானால் சுங்கத் தீர்வை கட்டியிருக்க வேண்டும். அந்த ரசீது நகலைக் கையில் வாங்காமல் பாக்கிப் பணத்தை நீட்டாதீர்கள்.

24 டிசம்பர் 2023

17, 18 தேதி மழையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். யார்டுக்காரரிடம் பெட்டியைப் பற்றிக் கேட்கவே கூச்சமாக இருந்தது, அவர் வீட்டிலேயே இடுப்பளவு தண்ணீர். அவராகவே கூப்பிட்டார். நான் பார்த்து வைத்ததில் ஒரு பெட்டி இரண்டு நாள் தண்ணீரில் நின்றுவிட்டது, பலகை ஊறிவிட்டது, வேறு தருகிறேன் என்றார். சொல்லாமல் அனுப்பியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது.

இனி தூத்துக்குடியில் வாங்குகிறவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது டிசம்பரில் எங்கே நின்றது என்பதுதான்.

9 ஜனவரி 2024

அஸ்திவாரம். பெட்டிக்கு அஸ்திவாரமே வேண்டாம், நாலு ஹாலோ பிளாக் போதும் என்று வீடியோக்காரர் சொன்னார். அவர் கரிசல் மண்ணைப் பார்த்ததில்லை.

கோடையில் எங்கள் நிலத்து வெடிப்பில் கையை விட்டால் முழங்கை வரை போகும். மழை பெய்தால் அதே மண் ஊதி எழும்பும். மேலே என்ன வைத்தாலும் ஆட்டிப் பார்க்கும். பெட்டியோ தன் எடையை நாலு மூலையில்தான் இறக்குகிறது. கப்பலில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குவதும் அந்த நாலு மூலைக் கட்டையை நம்பித்தான். ஒரு மூலை கால் அங்குலம் இறங்கினாலும் சட்டம் கோணிக்கொண்டு கதவு சிக்கும்.

கொத்தனார் ஆறே முக்கால் அடி வானம் தோண்டினார். கரிசல் முடிந்து சுக்கான் பாறை தட்டியது. அங்கிருந்து கான்கிரீட் தூண் எழுப்பி, பூமிக்கு மேல் இரண்டடியில் நிறுத்தி, தலைக்கு இரும்புத் தகடு பதித்தாயிற்று. பெட்டிக்கு நாலு வீதம் எட்டுத் தூண். மூன்று லட்சத்தில் முடிப்பேன் என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறாரே, அவருக்கு முதல் அடி இங்கே விழுந்தது.

28 ஜனவரி 2024

வந்துவிட்டது. நள்ளிரவு புறப்பட்டு எட்டயபுரம், அருப்புக்கோட்டை, காரியாபட்டி வழியாக மண்டேலா நகர். அங்கிருந்து ரிங் ரோட்டில் கப்பலூர். கப்பலே பார்க்காத ஊருக்குக் கப்பலூர் என்று பெயர் வைத்ததற்கு ஒரு நியாயம் கிடைத்தது என்று டிரெய்லர் டிரைவரிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தூக்கம்.

நான்குவழிச் சாலையில் நூற்று ஐம்பது கிலோமீட்டர் மூன்றரை மணி நேரம். ஊருக்குள் கடைசி இரண்டு கிலோமீட்டர் நாலு மணி நேரம். டிரெய்லர் திரும்ப இடமில்லாமல் ஒருவர் வேலிக்கல்லைப் பிடுங்கி மறுபடி நட்டோம். ஒரு புளியங்கிளை போயிற்று. மின்கம்பி தாழ்ந்திருந்த இடத்தில் லைன்மேன் வந்து லைனை ஆஃப் செய்யும் வரை காத்திருந்தோம். மூங்கிலால் தூக்கிப் பிடிக்கலாம் என்று ஒரு பெரிய மனிதர் யோசனை சொன்னார். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள்.

காலிப் பெட்டி நாலு டன்னுக்கும் குறைவு. ஒரு ஹைட்ரா கிரேன் போதும். ஆனால் அது நிற்கும் தரை இறுகியிருக்க வேண்டும். ஈரக் கரிசலில் ஹைட்ராவையே தூக்க இன்னொரு ஹைட்ரா வேண்டியிருக்கும்.

இறக்கி முடித்தபோது பக்கத்து நிலத்து அப்பத்தா வந்து பார்த்துவிட்டுக் கேட்டது: "ஏம்ப்பா, லாரி கவுந்துருச்சா?"

29 ஜனவரி 2024

"இந்தப் பெட்டியெல்லாம் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே உண்டே" என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. மால்கம் மெக்லீன் என்ற அமெரிக்க லாரி முதலாளி 1956-இல் ஒரு பழைய எண்ணெய்க் கப்பலின் மேல்தளத்தில் 58 பெட்டிகளை ஏற்றி நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பினார். அங்கே தொடங்கியது. சரக்கை மூட்டை மூட்டையாக ஏற்றி இறக்கத் துறைமுகத்தில் வண்டி காத்துக் கிடப்பது பொறுக்காமல் செய்த வேலை. எங்கள் ஊருக்குள் நாலு மணி நேரம் நின்ற டிரெய்லரைப் பார்த்திருந்தால் மனிதர் என்ன செய்திருப்பாரோ.

10 மார்ச் 2024

ஒரு தப்பு செய்துவிட்டேன்.

இரண்டு பெட்டியும் ஒட்டி நிற்கின்றன. நடுச்சுவரில் 16 அடி திறப்பு வேண்டும். வெல்டர் கப்பலூர் சிட்கோவில் பல வருடம் வேலை பார்த்தவர். "அண்ணே, மொதல்ல சட்டம் வச்சுட்டு அப்பறம் அறுப்போம், பாக்ஸ் செக்‌ஷன் வரட்டும்" என்றார். செக்‌ஷன் என்றால் சதுர இரும்புக் குழாய். அது வர மூன்று நாள் ஆகும். எனக்குப் பொறுமையில்லை. இன்றைக்கு ஒரு பெட்டியை மட்டும் அறுங்கள் என்றேன்.

பெட்டியின் சுவர் இரண்டு மில்லிமீட்டர்கூட இருக்காது. அந்த நெளிவுதான் அதற்கு முதுகெலும்பு. நெளிவை எடுத்துவிட்டால் மேலே இருக்கும் ஒல்லிச் சட்டம் மட்டும் என்ன செய்யும்? கடைசி அங்குலம் அறுபடும்போது 'டங்' என்று ஒரு சத்தம். நூல் பிடித்துப் பார்த்தால் திறப்பின் நடுவில் கூரை முக்கால் அங்குலம் தொங்கியிருக்கிறது. வெல்டர் என்னைத் திட்டவில்லை. பீடி பற்றவைத்துக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தார். திட்டியிருக்கலாம்.

ஜாக்கி வைத்துத் தூக்கி, நாலுக்கு நாலு பாக்ஸ் செக்‌ஷனில் மேலும் பக்கமும் சட்டம் கட்டி, நடுவில் கீழே ஒரு தூணும் கொடுத்தபின் சரியாயிற்று. 38,000 தண்டம். அடுத்த பெட்டியின் சுவரை இப்போதைக்குத் தொடவில்லை.

இன்னொன்று. பெட்டியில் அடித்திருப்பது கடலுக்கான பெயிண்ட். அதைக் கிரைண்டரால் சுரண்டும் புகை நல்லதில்லை. முகத்தில் துண்டு கட்டினால் போதாது, சரியான மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். நான் இரண்டாம் நாள்தான் வாங்கிக் கொடுத்தேன்.

24 ஏப்ரல் 2024

நேற்று அழகர் ஆற்றில் இறங்கினதைப் பார்த்துவிட்டு, இரவு பெட்டியிலேயே படுக்கலாம் என்று வந்தேன். பத்து மணிக்கும் சுவர் சுட்டது. பாயை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விட்டேன். சித்திரையில் குடியேற்றம் என்று நவம்பரில் எழுதிய ஆள் நான்தான்.

படுத்தபடி யோசித்தது. பகலில் தல்லாகுளத்தில் அத்தனை கூட்டத்துக்கு நடுவே, ஒரு மண்டகப்படிக் கீற்றுப் பந்தலுக்குள் நின்றபோது வெயில் தெரியவில்லை. மேலே ஓலை, நாலு பக்கமும் காற்று. நான் செய்து வைத்திருப்பது அதற்கு நேர் எதிர். நாலு பக்கமும் இரும்பு, மேலேயும் இரும்பு.

வீடியோவில் காட்டும் பெட்டி வீடுகளில் பாதி குளிர் தேசத்தில் இருப்பவை. ஆம்ஸ்டர்டாமில் மாணவர்களுக்காக ஆயிரம் பெட்டி அடுக்கிய குடியிருப்பை எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள். அவர்களுக்குச் சூட்டை உள்ளே வைத்துக்கொள்ள வேண்டும். நமக்கு அது வாசலுக்கே வரக்கூடாது. தவிர அவை குடியிருப்பதற்கென்றே புதிதாகச் செய்து வரவழைத்தவை, நாம் வாங்குவது மாதிரி ஓடித் தேய்ந்த பெட்டிகள் இல்லை.

12 மே 2024

அக்கினி நட்சத்திரத்தில் மூன்று நாள் அளந்தேன். இரண்டு மணிக்கு வேப்பமர நிழலில் 40 டிகிரி. கதவு சாத்திய பெட்டிக்குள் 53. கூரைத் தகட்டின் மேல் 66. முட்டை உடைத்து ஊற்றிப் பார்க்கலாம் என்றான் மச்சான். ஊற்றினான். வெந்தது. காக்கைக்குப் போட்டோம்.

பிறகு ஒரு பெட்டிக்கு மேல் மட்டும் சவுக்குக் கட்டையில் இரண்டடி இடைவெளி விட்டுக் கிடுகு வேய்ந்தோம், 9,000 ரூபாய். வேறு எதுவும் செய்யவில்லை. உள்ளே 42. இன்னும் இரும்புதான், ஆனால் பதினோரு டிகிரி குறைந்தது. கூரைக்கும் கிடுகுக்கும் நடுவே காற்று ஓடுவதுதான் விஷயம். கிடுகைத் தகட்டின் மேலேயே விரித்திருந்தால் இந்த அளவு குறைந்திருக்காது.

'கூலிங் பெயிண்ட்' பற்றிக் கேட்டவருக்கு: வெள்ளை அடிப்பது நல்லதுதான், அடியுங்கள். பந்தலுக்கு அது மாற்று இல்லை.

2 ஜூன் 2024

இரண்டாவது பெட்டியைத் தள்ளி வைக்கிறேன். ஆமாம், இறக்கியதை மறுபடி தூக்குகிறேன். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள்.

அம்மா ஜனவரியிலேயே சொன்னது. "ரெண்டு பொட்டிக்கும் நடுவுல ஒரு மாடு கட்டுற அளவாச்சும் எடம் விடுடா, மூச்சு முட்டுது." நான் கேட்கவில்லை. 16 அடி ஹால் கனவு. இப்போது பெட்டி இரண்டுக்கும் நடுவே 14 அடி. மேலே மூன்றையும் சேர்த்து மூடும் ஒரே கூரை, பெட்டித் தலையிலிருந்து மூன்றடி உயரத்தில். நடுவிடம்தான் ஹால். அறுத்த பெட்டியின் 16 அடித் திறப்பு அதைப் பார்த்துத் திறக்கும், ஆகவே அந்த 38,000 முழுக்க வீணில்லை என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன். பெட்டிகளின் நீளவாக்கு கிழக்கு மேற்கு. குறுகிய முகம்தான் காலை மாலை வெயிலை வாங்கும். அது ஒன்றைத் தெரிந்தே செய்தேன்.

புதுத் தூண் நாலு வேண்டும். மழைக்கு முன் முடிக்க அவசரம். கொத்தனார் மூன்றைச் சுக்கான் வரை இறக்கினார். நாலாவது குழியில் ஐந்தடியில் ஊற்று கண்டுவிட்டது. இது போதும் என்றார். சரி என்றேன்.

16 ஜூன் 2024

அனுமதி, கடன், கரண்ட் பற்றிக் கேட்டவர்களுக்கு.

ஊராட்சியில் முதல் கேள்வியே "இது வண்டியா, வீடா?" அஸ்திவாரத்தில் பற்றவைத்த கட்டடம் என்று பொறியாளர் வரைபடம் போட்டுக் கொடுத்தபின்தான் நகர்ந்தது. நாலு நடை. வங்கிக் கடன் கிடைக்கவில்லை. "தூக்கிக்கொண்டு போய்விட்டால்?" என்றார் மேலாளர். நான் அந்த மாதம்தான் ஒன்றைத் தூக்கியிருந்தேன். பதில் சொல்ல முடியவில்லை. நகைக்கடன்.

கரண்ட் விஷயத்தில் கஞ்சத்தனம் கூடாது. வீடு முழுக்க இரும்பு. ஒரு வயர் உரசினால் சுவர், கதவு, ஜன்னல் எல்லாம் கரண்ட். தனி எர்த் குழி இரண்டு, ஒவ்வொரு பெட்டியின் சட்டத்தோடும் போல்ட் போட்டு இணைத்தது. போர்டில், கசிவு வந்தால் கரண்டை வெட்டிவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வயர் தகட்டைக் கடக்கும் ஒவ்வொரு ஓட்டையிலும் ரப்பர் வளையம். எலக்ட்ரீஷியன் இதெல்லாம் எதற்கு என்றால் ஆளை மாற்றுங்கள்.

21 ஜூலை 2024

உள்வேலை. அகலம் பற்றி இப்போதுதான் புரிகிறது. வெளியே எட்டடி. உள்ளே 7 அடி 8 அங்குலம். சட்டம் அடித்து, சூட்டைத் தடுக்கும் ராக் வூல் பஞ்சு வைத்து, சிமெண்ட் ஃபைபர் போர்டு மூடினால் சரியாக ஏழடி. ஆறடிக் கட்டில் போட்டால் மீதி ஓரடியில் நண்டு மாதிரி நடக்க வேண்டும். அறுத்த பெட்டியில் சமையலும் குளியலறையும். மற்றதில் இரண்டு படுக்கையறை, கடைசி எட்டடி சாமான் அறை. அதற்கு மட்டும் உள்போர்டு அடிக்கவில்லை, சிக்கனம்.

அம்மா டேப்பைப் பிடித்து அளந்துவிட்டார். மனையடி சாஸ்திரத்தில் எட்டடி நல்லது, ஏழடி வறுமை, அளப்பது உள்ளளவைத்தான். நான் வெளியளவைச் சொல்லித் தப்பிக்கப் பார்த்தேன். "குடியிருக்கப் போறது உள்ளயா வெளியயா?" என்றார். கடன் நிலவரத்தைப் பார்த்தால் சாஸ்திரம் பொய்யில்லை.

ஸ்பிரே ஃபோம் அடித்தால் அரை அங்குலம் மிச்சமாகும், இடுக்கே இருக்காது, அதுதான் சிறந்தது என்று ஒருவர் வாதிட்டார். பெரும்பாலும் சரி. ஆனால் அது எரியும், எரிந்தால் புகை கொடியது. சமையலறை இருக்கும் பெட்டியில் எனக்கு மனம் வரவில்லை. ராக் வூல் எரியாது.

தரைப்பலகைத் தகட்டைப் படம் எடுக்கச் சொன்னேனே, இதற்குத்தான். 28 மில்லிமீட்டர் பிளைவுட், அருமையான மரம், ஆனால் கப்பல் பயணத்தில் பூச்சி பரவாதிருக்க மருந்து ஊட்டியது. தங்கை குழந்தை தவழ்கிற வயசு. பெயரெழுதிய மருந்தைத் தேடிப் பார்த்தபின் மனைவி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். படுக்கையறையில் பலகையைப் பெயர்த்து சிமெண்ட் போர்டும் டைலும். சமையல் பக்கம் எபாக்சி இரண்டு பூச்சுப் பூசி மேலே டைல்.

28 ஜூலை 2024

ஜூன் 16 குறிப்புக்கு ஒட்டு. இந்த மாதம் 22-ஆம் தேதி முதல் சுயசான்று முறையில் ஆன்லைனில் கட்டட அனுமதி வந்திருக்கிறது. மனை 2,500 சதுர அடிக்குள், வீடு 3,500 சதுர அடிக்குள் இருக்க வேண்டும். என் முப்பது சென்ட்டும் மேலூர்க்காரரின் பத்து சென்ட்டும் அதில் அடங்காது. நடங்கள்.

8 செப்டம்பர் 2024

ஆவணியில் பால் காய்ச்சியாயிற்று. மூன்று மாதம் என்றது பத்து மாதம். வந்தவர்கள் எல்லோரும் பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு நடுக்கூடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். பந்தியும் அங்கேதான்.

9 செப்டம்பர் 2024

சொல்ல மறந்தது. பெட்டிக்குள் போன் டவர் எடுக்காது. பேச வேண்டுமென்றால் நடுக்கூடத்துக்கு வர வேண்டும். மகனுக்குத் துக்கம், அம்மாவுக்குச் சந்தோஷம். அப்புறம் மயில். விடிகாலை நாலரைக்குத் தகரக் கூரையில் மயில் நடப்பது, செருப்புப் போட்ட ஆள் நடப்பது மாதிரியே இருக்கும். முதல் நாள் டார்ச்சும் தடியுமாக வெளியே வந்தேன்.

1 டிசம்பர் 2024

படுக்கையறைக் கதவு சாத்த வரவில்லை. கீழே சிராய்க்கிறது. தச்சர் இழைத்துக் கொடுத்தார். மூன்று நாளில் மறுபடி சிராய்ப்பு. ரசமட்டம் வைத்துப் பார்த்தால் வடகிழக்கு மூலை அரை அங்குலம் இறங்கியிருக்கிறது.

எந்தத் தூண் என்று ஜூன் 2 குறிப்பின் கடைசி நாலு வரியைப் படித்தவர்களுக்குத் தெரியும்.

ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். செங்கல் வீடாக இருந்தால் சுவர் மூலைக்கு மூலை கீறியிருக்கும். இங்கே லாரிப் பட்டறையிலிருந்து ஜாக்கி வாங்கி வந்து, மூலையைத் தூக்கி, தகட்டைச் செருகினோம். அரை நாள். கதவு சாத்துகிறது. இழைத்த கதவின் கீழே மட்டும் ஒரு சந்து, பல்லி வந்துபோக.

8 ஜனவரி 2025

சாமான் அறைக்கூரை ஒழுகுகிறது. மழையே இல்லை, ஒழுகுகிறது. அரிசி மூட்டை நனைந்துவிட்டது. இருட்டில் நின்று பார்த்து வாங்கிய பெட்டி இது. நல்ல பெட்டியைத் தண்ணீரில் ஊறிவிட்டது என்று சொல்லிப் பொத்தல் பெட்டியை மாற்றிக் கொடுத்திருக்கிறார். யாரையும் நம்பக்கூடாது.

10 ஜனவரி 2025

மேலே எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். எம்-சீலோடு கூரைமேல் ஏறித் தேடினேன், ஒரு பொத்தல் இல்லை. மார்கழிப் பனி. இரவில் தகடு குளிர்கிறது, உள்ளே இருக்கும் ஈரக்காற்று அதில் பட்டு முத்து முத்தாக வியர்த்துச் சொட்டுகிறது. உள்போர்டும் ராக் வூலும் பிளாஸ்டிக் தடுப்புமாக அடைத்த அறைகளில் ஒரு சொட்டுகூட இல்லை. சிக்கனம் பிடித்த எட்டடியில்தான் அத்தனையும். மாட்டிய இரண்டு காற்றுத்துளைகளையும் எலி வரும் என்று துணி வைத்து அடைத்தது நான்.

யார்டுக்காரரைக் கூப்பிட்டுப் பேசினேன். எதற்குக் கூப்பிட்டேன் என்று சொல்லவில்லை. பொங்கல் வாழ்த்துச் சொன்னேன்.

16 பிப்ரவரி 2025

மொத்தக் கணக்கு: 24,90,000. கொஞ்சம் ஆறவிட்டு எழுதுகிறேன்.

பெட்டி இரண்டும் சேர்ந்து 3,70,000, அதாவது நூற்றுக்குப் பதினைந்து. கூரை மட்டும் 4,15,000. உள்போர்டும் ராக் வூலும் 3,40,000. அறுத்தது, ஒட்டியது, சட்டம் கட்டியது 2,90,000, என் அவசரமும் அதில் அடக்கம். பன்னிரண்டு தூண், ஒரு நடுத்தூண், கூடத்துத் தளம்வரை அஸ்திவாரம் 2,35,000. டிரெய்லரும் ஹைட்ராவும் இரண்டு முறைக்கும் 1,06,000. மீதி எல்லா வீட்டுக்கும் உள்ளதுதான்.

640 சதுர அடிக்குப் பிரித்தால் சதுர அடி 3,890. கொத்தனார் 2,100 சொன்னார். பாதிச் செலவு என்றவரைக் கண்டால் என்னிடம் கூட்டி வாருங்கள்.

17 பிப்ரவரி 2025

வகுத்தது தப்பு என்று ஒருவர் காட்டியிருக்கிறார். நடுக்கூடம் 40-க்கு 14, அது 560 சதுர அடி. சேர்த்தால் 1,200. சதுர அடி 2,075. கொத்தனார் சொன்னதைவிட 25 ரூபாய் குறைவு! ஆக மலிவும் இல்லை, நட்டமும் இல்லை.

ஆனால் அந்த 560-ஐக் கணக்கில் சேர்த்தால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். வீட்டில் நல்ல இடம் அதுதான். அதில் பெட்டியே இல்லை. இரண்டு பக்கமும் செங்கல் சுவராக இருந்திருந்தாலும் கூடம் இதே கூடம்தான். போன மே போல வரும் மேயிலும் அளந்து எழுதுகிறேன்.

18 மே 2025

அளந்தேன். வெளியே நிழலில் 40. பெட்டி அறை, ஃபேன் மட்டும், 35. நடுக்கூடம் 37. எண்ணில் பெட்டிதான் ஜெயித்தது. ஆனால் மதியம் யாரும் அங்கே படுப்பதில்லை. அம்மாவின் கட்டில் மார்ச்சிலேயே கூடத்துக்கு வந்துவிட்டது. காற்று ஓடினால் 37 தெரிவதில்லை.

15 ஜூன் 2025

இந்தக் கேள்வியைத் தொடங்கிய மேலூர்க்காரர் நேற்றுக் குடும்பத்தோடு வந்திருந்தார். டேப், நோட்டு, பேனா எல்லாம் கொண்டு வந்திருந்தார். சமையல் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். படுக்கையறையை அளந்தார், ஏழடி என்று எழுதிக்கொண்டார். அப்புறம் கூடத்தில் உட்கார்ந்தவர் மூன்று மணி நேரம் எழுந்திருக்கவில்லை. அம்மா இரண்டு முறை காபி போட்டுவிட்டார்.

யார்டுக்காரர் நம்பரை ஒரு சீட்டில் எழுதித் தயாராக வைத்திருந்தேன். செருப்பை மாட்டும்போது மனிதர் மேலே அண்ணாந்து பார்த்துக்கொண்டே கேட்டார்:

"இந்தக் கூரை போட்ட ஆள் நம்பர் கிடைக்குமாண்ணே?"